அனுப்பாமல் வைத்திருந்த திருத்தம்

எங்கள் அக்காவுக்கு நாற்பத்தைந்தாவது வயதில் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்த வேகத்திலேயே முறிந்தும் போனது. முறித்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார்தான். ஆனால் அதற்கு வழி பண்ணிக் கொடுத்தவன் நான். ஏதோ செய்து கெடுத்தேன் என்றில்லை. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் சோம்பிக் கிடந்தேன். இதைச் சொல்வதானால் ஒரு பிளொப்பித் தட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது 1988. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், ஒரு கடையின் மேல்மாடி அறையில், நானும் என்னோடு படித்த கூட்டாளி ஒருவனும் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். இருந்தது ஒரேயொரு கணினி. கீழே கடைக்காரர் வெங்காயம் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார். எங்களிடம் படித்தவர்களுக்குக் கணினி என்றால் இன்றைக்கும் வெங்காய மணம்தான் நினைவுக்கு வரும். மின்சாரம் இருந்தால் பிள்ளைகள் முறை வைத்துத் தட்டுவார்கள். இல்லாவிட்டால் காட்போட் மட்டையில் கீறிய எழுத்துப் பலகையில் விரல் பழகுவார்கள். மட்டையில் தட்டியபோது ஒருவரும் ஒரு பிழையும் விட்டதில்லை.

கனடாவுக்குப் போயிருந்த நண்பன் ஒருவன், ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தத் தட்டைக் கொடுத்துவிட்டான். மடிந்து போகாமல், பயணப் பெட்டிக்குள் இரண்டு பருத்திச் சேட்டுகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. அதில் இருந்தது சாதகம் கணிக்கிற ஒரு நிரல். பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால், சாத்திரியார் அரைநாள் இருந்து பார்க்கிற வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்து, கிரகங்களைப் பெட்டி பெட்டியாக அச்சடித்துத் தரும். அங்கே வேலை செய்கிற ஒரு தமிழ் எஞ்சினியர் தன் ஓய்வு நேரத்தில் எழுதியது. நிரலைத் திறந்தவுடன் அவர் எழுதிய ஒரு குறிப்பு வரும். இது இலவசம், பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிழை கண்டால் மட்டும் எனக்கு எழுதுங்கள், திருத்தினால் திருத்தத்தை அனுப்புங்கள், மற்றவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று இருந்தது. கீழே அவருடைய விலாசம். முதல் நாள் அதை முழுதாக வாசித்தேன். இரண்டாம் நாளிலிருந்து, திரையில் வந்தவுடனேயே ஒரு பொத்தானைத் தட்டி அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டேன்.

சனம் வரத் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம் ஐப்பசியில், இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டையில், ஊரே வீடுவாசலை விட்டு ஓடித் திரும்பியிருந்தது. திரும்பி வந்தவர்கள் பலருடைய வீட்டில் அலுமாரி இருந்தது, அதற்குள் இருந்த சாதகக் கொப்பி இல்லை. பிறந்த நேரத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்கள். நான் அச்சடித்துக் கொடுத்தேன். இலவசமாக வந்ததை இலவசமாகவே செய்து கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை. அவர்கள் சும்மா போகாமல் வாழைப்பழச் சீப்பும் முருங்கைக்காய்க் கட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். சாத்திரத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. முருங்கைக்காயில் இருந்தது.

எங்கள் வீட்டுச் சாதகக் கொப்பிகளும் போய்விட்டன. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறாய், சொந்த வீட்டுக்கு எழுத நேரமில்லையோ என்று அம்மா நச்சரித்தா. ஆவணி மாதத்தில் ஒருநாள் இரண்டு பேருடையதையும் அச்சடித்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அக்காவுக்கும். நாங்கள் இரண்டே பிள்ளைகள்தான். அப்பா தபாற்கந்தோரில் வேலை செய்தவர், நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைப் படிப்பித்தது அக்காதான். உடுவில் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தா. சம்பந்தங்கள் வந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப் போயின, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டன. அக்கா அதை ஒரு குறையாக எங்களிடம் சொன்னதில்லை. குறையில்லை என்றும் சொன்னதில்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னுடையதை முதலில் பார்த்தா. சரி என்று வைத்தா. அக்காவுடையதைக் கையில் எடுத்து, மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டா.

"வெள்ளிக்கிழமையோ? ஆர் சொன்னது வெள்ளிக்கிழமையெண்டு?"

"நீங்கள் தந்த திகதிக்கு வெள்ளிதானம்மா வருது."

"கொக்கா வியாழக்கிழமைப் பிள்ளை. பெத்தவள் நான் சொல்லுறன், உந்தப் பெட்டி என்னத்தைச் சொல்லுறது?"

வெளியூரார் யாரும் இதை வாசித்தால் விளங்குவதற்காகச் சொல்கிறேன். எங்கள் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, சூரியன் உதிக்கும்போதுதான் மாறும். வெள்ளிக்கிழமை விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பிறந்த பிள்ளை வியாழக்கிழமைப் பிள்ளைதான். அக்கா பிறந்தது ஆனி மாதத் தொடக்கத்தில், காலை ஆறு இருபத்தைந்துக்கு. ஆனி மாதத்தில் எங்கள் பக்கம் ஆறு மணிக்கு முன்னமே சூரியன் எழும்பிவிடும். ஆகவே உதயத்துக்கு அரைமணித்தியாலத்துக்கும் பிறகு பிறந்திருக்கிறா, ஆகவே வெள்ளி. நிரல் சொன்னது இதைத்தான். நானும் அதையே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மருத்துவிச்சி கைவிளக்கைப் பிடிச்சுக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்கினவ. வெளியிலை கும்மிருட்டு. கொப்பர் மணிக்கூட்டைப் பாத்து ஆறு இருவத்தைஞ்செண்டு எழுதினவர். ரண்டும் உண்மை."

"ஆறரைக்கு ஆனி மாசத்திலை எப்பிடியம்மா கும்மிருட்டு?"

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா. பிறகு என்னைப் பார்த்து, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரிச் சொன்னா. "அது சண்டைக்கால மணியெல்லோ. வெள்ளைக்காரன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பிவிட்ட காலம். கந்தோர் மணிக்கூட்டைத் திருப்பி வைச்சதே கொப்பர்தான். எத்தினை நாள் இருட்டுக்கை எழும்பித் தேத்தண்ணி வைச்சனான்."

எனக்கு அது புதினமாக இருந்தது. எங்கள் ஊர்ச் சாத்திரியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். உலகச் சண்டை நடந்த நாலு வருடத்தில் பிறந்தவர்கள் என்றால் கூட்டின நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் கணிப்பது, இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் அந்த எஞ்சினியருக்கும் மட்டும்தான் தெரியாது.

அன்றைக்கே நிரலைத் திறந்து, இலங்கைப் பிறப்பு இந்தத் திகதிக்கும் இந்தத் திகதிக்கும் இடையில் என்றால் இவ்வளவு நேரத்தைக் கழி என்று ஆறு வரி சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். வியாழக்கிழமை என்று வந்தது. பெட்டிகளும் மாறின. இலக்கினம் மிதுனத்திலிருந்து இடபத்துக்குப் போனது. அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். "இப்ப சரி" என்று அலுமாரிக்குள் வைத்தா, நான் ஏதோ கடையில் பிழையான சாமான் வாங்கி வந்து மாற்றிக் கொடுத்தது மாதிரி. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கனடா எஞ்சினியரின் கணக்கில் பிழை பிடித்தவன் அல்லவா.

அந்த ஆறு வரியை அவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஒரு ஏரோகிராமில் எழுதிவிடலாம். தபாற்கந்தோர் எங்கள் அறையிலிருந்து கூப்பிடு தூரம். ஏரோகிராம் வாங்கியும் வைத்தேன். என் கூட்டாளியிடம் சொன்னபோது அவன் கேட்டான்:

"இலவசமெண்டு தந்தவன் பிறகென்னத்துக்கு வேலை குடுக்கிறான்? தந்தால் தந்ததுதானே."

"பிழை கண்டால் எழுதச் சொல்லியிருக்குது."

"சொல்லுவான். நாலாயிரம் பேர் வைச்சிருப்பாங்கள், ஒருத்தனும் எழுதேல்லையோ? நீ பாவிக்கிற ஆள், பாவிச்சிட்டுப் போ."

அவன் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் பழியை அவன் தலையில் போட மாட்டேன். அவன் சொல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். முதலாவது, கூச்சம். ஒரு எஞ்சினியருக்குச் சுன்னாகத்து வெங்காயக் கடை மேல்மாடியிலிருந்து பாடம் எடுப்பதா? இரண்டாவது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, குடாநாட்டிலேயே சரியான பிரதி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதில் ஒரு திமிர். நாற்பதுகளில் பிறந்தவர்கள் வந்தால், "வேறை இடத்திலை செய்விச்சியளோ? அது பிழையா வரும்" என்று சொல்வதில் ஒரு சுகம். ஏரோகிராம் மேசை இலாச்சிக்குள் கிடந்து மஞ்சளடித்தது.

எங்கள் ஒழுங்கையில் பங்குக் கிணறு ஒன்று உண்டு. ஏழு தோட்டத்துக்கு அதில் முறை. வருடத்தில் ஒருமுறை, தண்ணீர் கீழே போகிற காலத்தில், எல்லாரும் சேர்ந்து இறைத்துச் சேறு அள்ளுவோம். எங்கள் உறவுக்காரர் ஒருவருக்குச் சரியாக அந்த நாளில் காய்ச்சல் வந்துவிடும். அடுத்த நாள் விடிய, தண்ணீர் முறைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். அவரை அந்த வருடமும் நான் வாய் வலிக்கப் பகிடி பண்ணினேன். எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஆனியில்தான் அக்காவுக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். அக்காவோடு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர், இப்போது கனடாவில் தன் தமக்கையோடு இருக்கிறார். தமக்கைதான் கடிதம் எழுதியிருந்தா. அக்கா கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தா. ஆனால் இரண்டு நாள் கழித்து என்னுடைய பழைய அட்லசைக் கேட்டு வாங்கினா. மார்கழியில் அங்கே எத்தனை மணிக்கு இருட்டும் என்று கேட்டா. சமையலறையில் நின்று தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடினா. இருபது வருடமாக அக்கா பாடி நான் கேட்டதில்லை. அம்மா என்னைப் பார்த்தா, நான் அம்மாவைப் பார்த்தேன், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்று பயம். இந்தக் கலியாணத்தை அக்கா ஆசைப்படுகிறா என்பது எங்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

சாதகம் அனுப்பவா என்று கேட்டு எழுதினோம். அது வேண்டாம், பிறந்த திகதியும் நேரமும் ஊரும் போதும், இங்கே எல்லாம் கொம்பியூட்டரில் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அனுப்பினோம். என் மண்டைக்குள் அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. கொம்பியூட்டர் என்றால் அங்கே எவ்வளவு பெரிய பெரிய கொம்பியூட்டர் இருக்கும் என்று எண்ணினேன்.

ஆடி மாதம் முடிகிற நேரத்தில் தமக்கையின் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். பெண்ணுக்கு இரண்டாம் வீட்டில் செவ்வாய். தம்பி ஏற்கெனவே ஒருமுறை நொந்தவன், இன்னொரு முறை பயந்து பயந்து வாழ எங்களால் முடியாது, குறை நினைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தா. நம்பாவிட்டால் பாருங்கள் என்பதுபோல, அச்சடித்த தாளையும் மடித்து உள்ளே வைத்திருந்தா.

அந்தத் தாளை விரித்தேன். மேலே ஒரு வரி நட்சத்திரக் குறிகள். கீழே நான் ஒரு வருடத்துக்கு மேலாக அச்சடிக்கிற அதே பெட்டிகள். இலக்கினம் மிதுனம். பிறந்த கிழமை வெள்ளி. நான் ஒரு வருடத்துக்கு முன்னம் திருத்திய பிழை, திருத்தப்படாமல், கடல் கடந்து போய், எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. இடபத்தை இலக்கினமாக வைத்தால் செவ்வாய் மூன்றாம் வீட்டுக்குப் போய்விடும். அக்காவுக்குச் செவ்வாய்க் குற்றமே இல்லை.

அக்கா விறாந்தையில் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தா. முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏரோகிராம் வாங்கி இலாச்சிக்குள் போட்டது வரைக்கும் சொன்னேன். அக்கா பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டா. பேசியிருந்தால் பரவாயில்லை, ஏசியிருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தாளை வாங்கி, கணித ரீச்சர் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே பார்த்தா.

"வழி சரி, எடுத்துக்கொண்ட தரவு பிழை" என்றா. அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்விட்டா. அன்றைக்குச் சமையலறையில் சட்டி பானைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் காலையில் தமக்கைக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மணிக்கூடு முன்னுக்குத் திருப்பிய கதை, சூரிய உதயம், திருத்திய சாதகம் எல்லாம் அதில் இருந்தன. அக்காவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தா.

"உதைப் போடாதை."

"ஏனக்கா?"

"பொம்பிளை வீட்டுக்காரர் கிரகத்தைத் தூக்கி வேறை வீட்டிலை வைச்சு எழுதினால் ஆரடா நம்புவினம்? மாப்பிளைக்காகப் பொய் சொல்லுறமெண்டுதான் நினைப்பினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"புரோகிராம் எழுதின ஆளுக்கு எழுது. பிழை அந்தாளின்ரை. திருத்தவேண்டியதும் அந்தாள்."

"அது எப்பவும் எழுதலாம். முதல் உங்கடை விஷயத்தைப் பாப்பம்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. "சண்டைக்காலத்திலை பிறந்தது நான் ஒருத்தியோடா? எனக்கு மட்டும் சரிக்கட்டிப் போட்டு நீ பேசாமல் இருக்கப் போறியோ? இன்னும் எத்தினை பேருக்கு உந்தத் தாள் போகுதோ ஆருக்குத் தெரியும்."

அக்கா அப்படித்தான். நான் படிக்கிற காலத்திலும், கரும்பலகையில் ஒரு பிழை கண்டால் சொந்தக் கொப்பியில் மட்டும் திருத்திக்கொண்டு இருக்கிற பிள்ளையை அவவுக்குப் பிடிக்காது. எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் எழுந்து நிற்காத பிள்ளையாகவே வளர்ந்துவிட்டேன்.

அந்த நாட்களில் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். சும்மா தந்தவருக்கு நன்றிக்கடன் என்று நினைத்துத்தான் நான் அதைத் தள்ளிப் போட்டிருந்தேன். நன்றியை எப்போதும் சொல்லலாம், அவர் ஒன்றும் கோபிக்கப் போவதில்லை. இது அவருக்கும் எனக்கும் இடையிலான விஷயமே இல்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. நான் முன்பின் காணாத சனம் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு கலியாணம் பேசுகிறது. அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மேசை இலாச்சியைப் பூட்டி வைத்திருந்தேன்.

இலாச்சியில் கிடந்த ஏரோகிராமையே எடுத்து எழுதினேன். ஆறு வரியையும் பிழையில்லாமல் இரண்டு தரம் பார்த்து எழுதினேன். எங்கள் அக்காவுக்கு அங்கே இன்னார் வீட்டோடு பேசிய சம்பந்தம் இதனால் முறிந்தது என்பதையும், பிழையை நான் ஒரு வருடத்துக்கு முன்னமே கண்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். அதை எழுதத்தான் கூட நேரம் பிடித்தது. தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன். "ம்" என்றா. அட்லஸ் அவவுடைய மேசையில் மூடியபடி கிடந்தது. திருப்பித் தரவும் இல்லை.

காத்திருந்த நாட்கள் நீண்டவை. தபால்காரர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது சைக்கிள் மணி அடிப்பார். அக்கா வீட்டில் இருந்தால், மணிச் சத்தத்துக்குத் தலையை நிமிர்த்தாமல் இருப்பதற்குப் படாத பாடு படுவா. நான் அதைக் கவனிக்காத மாதிரி இருப்பதற்குப் படாத பாடு படுவேன்.

புரட்டாதியில் கனத்த உறை ஒன்று வந்தது. உள்ளே புதிய தட்டு ஒன்று, கூடவே கையால் எழுதிய கடிதம். எஞ்சினியர் என்னைத் திட்டவில்லை. இந்த நேர மாற்றம் தனக்குத் தெரியாது, தான் பிறந்தது சண்டை முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்று எழுதியிருந்தார். நிரல் வாங்கியவர்களில் விலாசம் தெரிந்த எல்லாருக்கும் புதிய தட்டு அனுப்பிவிட்டதாகவும், மாப்பிள்ளையின் தமக்கை வீட்டு இலக்கத்தைத் தேடிப் பிடித்துத் தானே தொலைபேசி எடுத்து, பிழை தன்னுடையது என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அந்த அம்மா அரைமணி நேரம் குறுக்குக் கேள்வி கேட்டாவாம்.

அதற்கு மூன்றாம் நாள் அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தமுறை எழுதியது தமக்கை இல்லை, மாப்பிள்ளை. அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா அதை வாசிக்கக் கிணற்றடிக்குப் போனா. திரும்பி வந்து அம்மாவிடம், தை மாதத்தில் கொழும்பில் வைத்துக் கலியாண எழுத்து என்றால் உங்களுக்கு வசதிப்படுமா என்று கேட்டா. அம்மா ஓமென்று சொல்லிவிட்டு அழுதா. நான் வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். காற்று ஏற்கெனவே இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தில் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எஞ்சினியரின் கடிதத்தில் இன்னொரு பந்தி இருந்தது. அதை நான் வீட்டில் வாசித்துக் காட்டாமல் விட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா கடிதத்தைக் கேட்டு வாங்கித் தானே வாசித்தா. அந்தப் பந்தி இதுதான்: "நெல்லியடிப் பக்கத்துப் பெண் ஒருவருக்கும் சென்ற வருடம் நான் கணித்துக் கொடுத்தேன். அவரும் அதே காலத்தில், விடிவதற்கு முன் பிறந்தவர். அந்தச் சம்பந்தமும் செவ்வாய் என்று சொல்லி நின்றுபோனது. பிள்ளை பிறந்த கிழமையே பிழை என்று அவருடைய தாயார் எனக்கு எழுதியிருந்தார். வயதினால் நினைவு தடுமாறுகிறது என்று நான் பதில் எழுதினேன். இதைக் கடிதத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவருடைய விலாசமும் பிறந்த நேரமும் கீழே எழுதியிருக்கிறேன். நேரில் போய்ச் சொல்ல முடியுமா?"

"நீ போகேல்லையோ?" என்று அக்கா கேட்டா.

"போகவேணும்."

"நாளைக்குப் போ."

நெல்லியடிக்குப் போகிற தட்டிவானில் சனத்தோடு சனமாக நெருக்குப்பட்டுப் போனேன். வல்லை வெளியில் இராணுவச் சோதனைக்காக எல்லாரையும் இறக்கி, நடக்க வைத்து, மறுபடி ஏற்றினார்கள். நடக்கிறபோதெல்லாம் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முன் அறையில் பாலர் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தன. வகுப்பு நடத்தியவர்தான் அவர். அக்காவின் வயதுதான் இருக்கும். முகத்தில் சோக்கட்டித் தூள், சிரித்த முகம். கதிரை போட்டு இருத்தினார். பாடமாக்கிய ஒன்றும் வாயில் வரவில்லை. எப்படியோ ஒருமாதிரிச் சொல்லி முடித்து, புதிதாக அச்சடித்த சாதகத்தை நீட்டினேன்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எனக்குச் செவ்வாய் இல்லையோ?"

"இல்லையக்கா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அம்மா, எனக்குச் செவ்வாய் இல்லையாம். கனடாவிலையிருந்து ஆள் விட்டுச் சொல்லியிருக்கினம்."

"அதை நான் அப்பவே சொன்னனான்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "என்னை விசரியாக்கினவையெல்லோ."

நானும் சிரித்தேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. தேத்தண்ணி வந்தது. அவரே கொண்டுவந்து தந்துவிட்டு முன்னால் இருந்தார். நிரலைப் பற்றிக் கேட்டார், அக்காவைப் பற்றிக் கேட்டார், அக்காவுக்குத் தையில் எழுத்து என்றதும் முகம் மலர்ந்து நல்லாயிருக்கட்டும் என்றார். பிறகு, வேறு ஒன்றும் நினைக்காமல், பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார்:

"தம்பி, உந்தப் பிழையை நீங்கள் எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். நான் எப்போது கண்டேன் என்பதை எஞ்சினியர் அவருக்கு எழுதப் போவதில்லை, வேறு யாரும் சொல்லவும் போவதில்லை.

"போன வருசம் ஆவணியிலையக்கா" என்றேன்.

அவர் கையிலிருந்த சாதகத் தாளை மெதுவாக மடித்தார். ஒன்றாக, இரண்டாக, நாலாக. உள்ளே அந்தத் தாய் இன்னும் யாருக்கோ வெற்றிக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தா. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எங்கடை பேச்சு நிண்டது கார்த்திகையிலை" என்றார்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ என்றார். குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே இருந்தார். படலை வரைக்கும் கூட வந்தார். நான் வெளியே இறங்கியபோது, கொப்பி கொண்டுவராத பாலர் வகுப்புப் பிள்ளையிடம் சொல்கிற அதே குரலில், கோபமே இல்லாமல் சொன்னார்:

"இனி ஏதும் பிழை கண்டால், தம்பி, அண்டைக்கே எழுதிப் போடுங்கோ."